குற்றவியல் படிக்கலாமா? வேலூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

கிரிமினாலஜி படித்தால் நேராக எஸ்.ஐ. ஆகிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எஸ்.ஐ. தேர்வு எழுத ஏதாவது ஒரு டிகிரி போதும். பி.ஏ. வரலாறு முடித்தவரும் பி.காம். முடித்தவரும் உங்களோடு அதே வரிசையில்தான் நிற்கப் போகிறார்கள், உங்களுக்கென்று தனி வரிசை கிடையாது.

அப்புறம் எதற்கு இதைப் படிக்க வேண்டும்? இந்தப் படிப்பிலிருந்து வெளியே போக மூன்று வாசல்கள் இருக்கின்றன. ஒன்று காக்கி. இன்னொன்று சிறை, சிறார், பாதிக்கப்பட்டவர்கள் என்று சீர்திருத்தப் பக்கம். மூன்றாவது கம்ப்யூட்டரும் பணமும், அதாவது சைபர் குற்றம், வங்கி மோசடி. எந்த வாசல் என்று படிக்கும்போதே ஓரளவு முடிவு செய்து அதற்குத் தேவையான இரண்டாவது தகுதியையும் கூடவே சேர்த்துக்கொள்கிறவர்களுக்கு இது நல்ல படிப்பு. டிகிரி கையில் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பவர்களுக்கு ரொம்பவே கஷ்டம், ஏனென்றால் "குற்றவியல் படித்தவர்கள் மட்டும் விண்ணப்பிக்கலாம்" என்று வரும் அரசு அறிவிப்புகள் அபூர்வம்.

முதலில் எது எது என்று தெரிந்துகொள்ளுங்கள்

மூன்று படிப்புகளைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். ரத்தக் கறை, கைரேகை, விஷம், துப்பாக்கிக் குண்டு என்று லேபில் உட்கார்ந்து பார்ப்பது தடயவியல். அதற்கு பிளஸ் டூவில் சயின்ஸ் குரூப் வேண்டும், டிகிரியும் வேதியியல், இயற்பியல், உயிரியல் அல்லது தடயவியலில் இருக்க வேண்டும். எம்.ஏ. குற்றவியலை வைத்துக்கொண்டு தடய அறிவியல் துறையில் அறிவியல் அலுவலர் ஆக முடியாது. கோர்ட்டில் வாதாடுவது சட்டப் படிப்பு. குற்றவியல் கேட்கும் கேள்விகள் வேறு: ஒரு ஆள் ஏன் குற்றம் செய்கிறான், அதே தெருவில் அதே வறுமையில் இருக்கும் இன்னொருவன் ஏன் செய்வதில்லை, யார் பிடிபடுகிறார்கள், யார் தப்புகிறார்கள், ஜெயிலில் போட்டால் திருந்துகிறானா, பாதிக்கப்பட்டவருக்கு என்ன கிடைக்கிறது.

லேப்தான் ஆசை என்றால் இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவிட்டு தடயவியல் பக்கம் போங்கள், அதில் தப்பே இல்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸின் 176-வது பிரிவு, ஏழு வருடமோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கே வர வேண்டும் என்கிறது. இதற்கே நிறைய ஆட்கள் தேவைப்படுவார்கள்.

பிளஸ் டூவுக்குப் பிறகு எந்த டிகிரி

குற்றவியலுக்கு எந்த குரூப் எடுத்திருந்தாலும் பரவாயில்லை. இரண்டு பாதைகள் இருக்கின்றன. ஒன்று, இளங்கலையிலேயே குற்றவியல் எடுப்பது. தமிழ்நாட்டில் சில கல்லூரிகளில் குற்றவியல், காவல் நிர்வாகம் என்கிற மாதிரிப் பெயர்களில் இருக்கிறது. வேலை பார்த்துக்கொண்டே படிக்க நினைப்பவர்களுக்குத் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலும் இருக்கிறது. இரண்டாவது பாதை, ஊரிலேயே ஒரு பொதுவான டிகிரி முடித்துவிட்டு முதுகலையில் குற்றவியலுக்கு மாறுவது. முத்துரங்கம் அரசு கலைக் கல்லூரியோ ஊரீஸ் கல்லூரியோ, பெண்களுக்கு காட்பாடி ஆக்சிலியமோ டி.கே.எம்.மோ, உங்களுக்கு எது வசதியோ அது.

என்னைக் கேட்டால் நம் பக்கத்துப் பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்கு இரண்டாவது பாதைதான் நல்லது. ஹாஸ்டல் செலவு மூன்று வருடம் மிச்சம், கையில் எல்லாத் தேர்வுக்கும் செல்லுபடியாகும் ஒரு டிகிரி, நடுவில் மனசு மாறினாலும் நஷ்டமில்லை. உளவியல், சமூகவியல், பொது நிர்வாகம், பி.சி.ஏ. இதெல்லாம் பின்னால் குற்றவியலோடு நன்றாகப் பொருந்தும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது, இதை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, பி.எஸ்.டி.எம். என்பார்கள். 2020-ல் கொண்டுவந்த திருத்தத்துக்குப் பிறகு பள்ளியிலிருந்து டிகிரி வரை முழுக்கத் தமிழ்வழியாக இருந்தால்தான் டிகிரி அளவிலான பதவிகளுக்கு அது கிடைக்கும். குற்றவியல் இளங்கலை பெரும்பாலும் ஆங்கில வழி. அரசுப் பள்ளியில் பன்னிரண்டு வருடம் தமிழில் படித்துவிட்டு, ஆங்கில வழி டிகிரியில் சேர்ந்த அன்றே அந்தச் சலுகை போய்விடுகிறது. உங்கள் குறி டி.என்.பி.எஸ்.சி.யோ எஸ்.ஐ. தேர்வோ என்றால் இதை யோசித்துத்தான் ஆக வேண்டும். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்கள் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய்க்கு விண்ணப்பிக்க மறக்காதீர்கள்.

உள்ளே என்னதான் சொல்லித் தருகிறார்கள்

கோட்பாடுகளைக் கேட்டால் பாதிப் பேருக்குக் கொட்டாவி வரும். அமெரிக்காவில் யாரோ 1930-களில் எழுதியதை மனப்பாடம் செய்தால் அப்படித்தான் வரும். நம்மூரை வைத்துப் படியுங்கள், சட்டென்று பிடிபடும்.

ராபர்ட் மெர்ட்டன் 1938-ல் சொன்னது இது: சமூகம் எல்லோருக்கும் ஒரே ஆசையைக் காட்டுகிறது, ஆனால் அதை அடையும் நேர்வழியை எல்லோருக்கும் கொடுப்பதில்லை, அந்த இடைவெளியில்தான் குற்றம் முளைக்கிறது. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திர போலீஸ் சுட்டதில் 20 பேர் செத்தார்கள், பெரும்பாலும் திருவண்ணாமலை, தருமபுரிப் பக்கத்துக் கூலியாட்கள். செம்மரம் வெட்டுவது குற்றம் என்று தெரியாமலா போனார்கள்? மலையில் ஒரு நாள் கூலி எவ்வளவு, புரோக்கர் ஒரு தடவைக்குத் தருவதாகச் சொன்னது எவ்வளவு, அந்தப் புரோக்கருக்கு மேலே இருப்பவன் எந்த ஊரில் எந்த பங்களாவில் இருக்கிறான், அவன் பெயர் ஏன் எஃப்.ஐ.ஆரில் வருவதில்லை. இந்த நான்கையும் கேட்க ஆரம்பித்தாலே நீங்கள் குற்றவியல் மாணவர்தான்.

கடைசிக் கேள்விக்கு எட்வின் சதர்லாண்ட் 1939-லேயே ஒரு பதில் வைத்திருந்தார். குற்றம் என்றால் ஏழை செய்வது என்று நினைக்காதே, கோட்டு போட்டவன் தன் தொழிலுக்குள் இருந்தே செய்வதும் குற்றம்தான் என்றார். வெள்ளைக் காலர் குற்றம் என்கிற பேச்சு அங்கேதான் ஆரம்பம். இதற்கு நம் பாலாற்றை விடப் பெரிய பாடம் எங்கே கிடைக்கும்? ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி தோல் தொழிற்சாலைக் கழிவால் நிலமும் கிணறும் பாழானதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28-ல் வந்த அந்தத் தீர்ப்பில்தான் 'மாசுபடுத்தியவரே பணம் கட்ட வேண்டும்', 'ஆபத்து வருமுன்னே தடுக்க வேண்டும்' என்ற இரண்டு கொள்கைகளும் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று நீதிமன்றம் சொன்னது. நாடு முழுக்கச் சட்டக் கல்லூரிகளில் இந்த வழக்கைப் படிக்கிறார்கள். ஒரு கிராமத்துக் கிணற்றைக் கெடுத்தது குற்றமா வெறும் விதிமீறலா, யாராவது ஜெயிலுக்குப் போனார்களா என்று கேட்பதற்குப் பசுமைக் குற்றவியல் என்று ஒரு தனிப் பிரிவே இருக்கிறது. முதுகலை ஆய்வுக்குத் தலைப்பு கிடைக்கவில்லை என்று புலம்பும் வேலூர்க்காரர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும்.

அடுத்து முத்திரை குத்துதல். ஒருவனைத் திருடன் என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்தால் அவன் வேறு எதுவாகவும் ஆக முடியாமல் போவதைப் பற்றி ஹோவர்ட் பெக்கர் 1963-ல் எழுதினார். ஆனால் 1871-லேயே ஆங்கிலேயர் குற்றப் பரம்பரைச் சட்டம் என்று போட்டு முழு ஜாதிகளுக்கே முத்திரை குத்தினார்கள், 1911-க்குப் பிறகு அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. போலீஸ் ரிஜிஸ்டரில் பெயர், ரேகை, ஊரை விட்டுப் போக அனுமதி, இதையெல்லாம் பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள்.

மிச்சத்தை வேகமாகச் சொல்கிறேன்: குற்றவியல் சட்டம், தண்டனையியல், பாதிக்கப்பட்டோரியல், போலீஸ் நிர்வாகம், கொஞ்சம் தடயவியல், கொஞ்சம் உளவியல், ஆய்வு முறை, புள்ளியியல். கடைசி இரண்டையும் அலட்சியம் செய்யாதீர்கள், வேலைக்கு உதவுவது அவைதான். சட்டத்தில் பழைய ஐ.பி.சி. (இந்தியத் தண்டனைச் சட்டம்) நோட்ஸை வைத்துக்கொண்டு படிக்காதீர்கள், 511 பிரிவுகள் இருந்தது இப்போது அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.ஸில் 358 ஆகி எண்கள் எல்லாம் மாறிவிட்டன.

வேலூரில் இருப்பதைப் பயன்படுத்துங்கள்

இதில் நமக்கு வேறு மாவட்டக்காரர்களுக்கு இல்லாத வசதி இருக்கிறது. தொரப்பாடியில் மத்தியச் சிறை, பெண்களுக்கான தனிச்சிறை, பக்கத்திலேயே சிறை அதிகாரிகளுக்குப் பயிற்சி தரும் ஆப்கா. 1979-ல் தொடங்கிய அந்த அகாடமிக்குத் தமிழ்நாடு மட்டுமல்ல, கேரளா, கர்நாடகா, ஆந்திரா, தெலங்கானாவிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். காகிதப்பட்டறையில் சட்டத்துக்கு முரண்பட்ட சிறார்களுக்கான அரசுப் பாதுகாப்பு இல்லம், வட்டாரத் தடய அறிவியல் ஆய்வகம், காட்பாடியில் அரசு சட்டக் கல்லூரி, சத்துவாச்சாரியில் நீதிமன்ற வளாகம். கோட்டைக்குள் போலீஸ் பயிற்சிப் பள்ளி இருந்ததால் "அதிகாரம் இல்லாத போலீஸ்" என்று நம்மூரைப் பற்றிய பழைய கிண்டலிலேயே ஒரு வரி உண்டு.

நேராகப் போய் ஜெயில் கேட்டில் நின்றால் உள்ளே விடமாட்டார்கள். கல்லூரித் துறைத் தலைவர் கையெழுத்தோடு சிறைத்துறைத் தலைமை அலுவலகத்துக்குக் கடிதம் போக வேண்டும், என்ன பார்க்கப் போகிறீர்கள், எத்தனை பேர், யாரிடம் என்ன கேட்கப் போகிறீர்கள் என்று கேள்வித்தாளையும் இணைக்க வேண்டும், அப்புறமும் மாசக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதனால் ஆய்வுக்கான கடிதத்தைச் செமஸ்டர் தொடங்கிய வாரமே போட்டுவிடுங்கள்.

அனுமதியே தேவைப்படாத வேலைகளும் இருக்கின்றன. திறந்த கோர்ட்டில் யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து கேட்கலாம், செல்போனை அணைத்துவிட்டு சத்தம் போடாமல் இருந்தால் போதும். போக்சோ (குழந்தைகள் மீதான பாலியல் குற்றம்), சிறார் வழக்குகள் மட்டும் மூடிய அறையில் நடக்கும். இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் வேலூர் மாவட்ட நீதிமன்றத் தீர்ப்புகள் இலவசமாகக் கிடைக்கின்றன. வாரம் ஒன்று எடுத்துப் படியுங்கள், முக்கியமாக விடுதலையில் முடிந்தவை. எந்த இடத்தில் வழக்கு உடைந்தது? சாட்சி பிறழ்ந்தாரா, மகஜரில், அதாவது சம்பவ இடத்தில் போலீஸ் எழுதும் பதிவில், கையெழுத்துப் போட்டவர் "ஸ்டேஷனில் வைத்துத்தான் போட்டேன்" என்றாரா, எஃப்.ஐ.ஆர். கோர்ட்டுக்குப் போகத் தாமதமா? ஒரு செமஸ்டர் இப்படிப் படித்தால் புலனாய்வு பற்றி எந்தப் பாடப்புத்தகமும் தராத தெளிவு வரும்.

மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு சட்டத் தன்னார்வலர்களை எடுக்கும்போது விண்ணப்பியுங்கள். நாட்டில் சிறையில் இருப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் விசாரணைக் கைதிகள், அதாவது தண்டனையே இன்னும் விதிக்கப்படாதவர்கள். ஜாமீன் கிடைத்தும் ஜாமீன்தாரர் கிடைக்காமல் உள்ளேயே இருப்பவர்களின் குடும்பத்தோடு ஒரு நாள் அலைந்து பாருங்கள். வி.ஏ.ஓ.விடம் சொத்து மதிப்புச் சான்று வாங்குவதிலேயே அந்த நாள் போய்விடும்.

முதுகலை: எங்கே?

சென்னைப் பல்கலைக்கழகத்தின் சேப்பாக்கம் வளாகத்தில் இருக்கும் குற்றவியல் துறை பெயர் பெற்றது, 1970-ல் தொடங்கிய இந்தியக் குற்றவியல் கழகத்தின் முகவரியே அதுதான். அங்கே குற்றவியல் முதுகலையோடு சைபர் தடயவியல், தகவல் பாதுகாப்பு எம்.எஸ்சி.யும் இருக்கிறது. திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் நல்ல துறை உண்டு. வெளிமாநிலம் போகத் தயார் என்றால் மும்பை டாடா சமூக அறிவியல் நிறுவனத்தில் (டிஸ்) குற்றவியலும் நீதியும் சார்ந்த சமூகப்பணி முதுகலை, சீர்திருத்தப் பக்கம் போக நினைப்பவர்களுக்கு அதுதான் என் முதல் சிபாரிசு. தேசியத் தடயவியல் அறிவியல் பல்கலைக்கழகத்தின் டெல்லி வளாகத்திலும் எம்.ஏ. குற்றவியல் இருக்கிறது. நுழைவுத் தேர்வுகள் பெரும்பாலும் நீங்கள் மூன்றாம் வருடம் படிக்கும்போதே வந்துவிடும், ரிசல்ட் வரட்டும் என்று இருந்தால் ஒரு வருடம் போச்சு.

சென்னைக்குத் தினமும் காட்பாடியிலிருந்து ரயிலில் போய் வரலாம் என்று கணக்குப் போடுபவர்கள் உண்டு. போகலாம், ஆனால் லைப்ரரியில் உட்கார நேரமே இருக்காது. அறை எடுங்கள்.

வேலைகள்: வாசல் வாசலாக

காக்கி. எஸ்.ஐ.க்குச் சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம், உதவி ஜெயிலருக்கு டி.என்.பி.எஸ்.சி. இரண்டுக்கும் எந்த டிகிரியும் போதும், உடல் அளவுகள் முக்கியம். எஸ்.ஐ.க்கு ஆண்களுக்குப் பொதுவாக 170 செ.மீ., எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 167, பெண்களுக்கு முறையே 159, 157. ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும். உயரம் இரண்டு சென்டிமீட்டர் குறைவு என்பதை டிகிரி முடித்த பிறகு கண்டுபிடிக்காதீர்கள், இன்றைக்கே அளந்து பாருங்கள். என்.சி.சி., என்.எஸ்.எஸ்., விளையாட்டுக்குச் சிறப்பு மதிப்பெண் உண்டு, எனவே முதல் வருடத்திலேயே என்.சி.சி.யில் சேருங்கள்.

சீர்திருத்தம். இதுதான் குற்றவியல் படிப்பு நிஜமாகவே பயன்படும் இடம், ஆனால் இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2-ல் நன்னடத்தை அலுவலர் பதவி வரும், சிறைத்துறையிலும், முன்பு சமூகப் பாதுகாப்புத் துறை என்று இருந்த குழந்தைகள் நலன் மற்றும் சிறப்பு சேவைகள் துறையிலும். வேலை என்ன தெரியுமா? பதினாறு வயதுப் பையன் குடியாத்தத்தில் ஒரு பைக்கைத் தூக்கிவிட்டான் என்று வையுங்கள். சிறார் நீதிக் குழுமத்தின் முன் முதலில் கொண்டுவந்த நாளிலிருந்து 15 நாளுக்குள் சமூகப் புலனாய்வு அறிக்கை போக வேண்டும். நீங்கள் அவன் வீட்டுக்குப் போகிறீர்கள். அப்பா எங்கே, அம்மா பீடி சுற்றுகிறாரா தீப்பெட்டி ஒட்டுகிறாரா, பையன் எந்த வகுப்பில் நின்றான், நின்றதற்கு ஸ்கூல் சொல்லும் காரணமும் அவன் சொல்லும் காரணமும் ஒன்றா, பைக்கை விற்றானா அல்லது பெட்ரோல் தீரும் வரை ஓட்டிவிட்டு அப்படியே விட்டானா. விற்றான் என்றால் ஒரு கதை, ஓட்டிவிட்டு விட்டான் என்றால் வேறு கதை. அவனை வீட்டுக்கு அனுப்பலாமா, இல்லத்தில் வைக்கலாமா என்று முடிவு செய்யும் மாஜிஸ்திரேட்டுக்கும் இரண்டு சமூகப் பணியாளர்களுக்கும் பையனின் வாழ்க்கை பற்றித் தெரிவது பெரும்பாலும் நீங்கள் எழுதும் அந்தச் சில பக்கங்கள்தான்.

மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலும், பாதிக்கப்பட்ட பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையத்திலும் இதே மாதிரி வேலைகள் உண்டு, பெரும்பாலும் ஒப்பந்த அடிப்படை, சம்பளம் குறைவு. அறிவிப்பு மாவட்ட இணையதளத்தில் வரும். 2019-ல் பழைய வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்ததால் இப்போது ராணிப்பேட்டை, திருப்பத்தூர் தளங்களையும் சேர்த்துப் பாருங்கள். இங்கே எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) படித்தவர்களைத்தான் முதலில் கேட்பார்கள், அதனால் அறிவிப்பில் தகுதிப் பகுதியை வரிவரியாகப் படியுங்கள்.

கம்ப்யூட்டரும் பணமும். இன்றைய தேதியில் தனியார் வேலை அதிகம் இருப்பது இங்கேதான். சென்னையில் வங்கிகளுக்கும் வெளிநாட்டு நிறுவனங்களுக்கும் பணமோசடித் தடுப்பு, வாடிக்கையாளர் சரிபார்ப்பு, இன்சூரன்ஸ் கிளெய்ம் விசாரணை, பின்னணிச் சரிபார்ப்பு என்று ஆள் எடுக்கிறார்கள். ஆரம்ப வேலை அலுப்பாகத்தான் இருக்கும், நாள் முழுக்க ஸ்கிரீனில் பரிவர்த்தனைகளைப் பார்க்க வேண்டும். எக்ஸெல் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும், ஆங்கிலத்தில் ஒரு பக்க அறிக்கை தப்பில்லாமல் எழுத வேண்டும். இரண்டு மூன்று வருட அனுபவத்துக்குப் பிறகு சி.எஃப்.இ. (மோசடி விசாரணை), கேம்ஸ் (பணமோசடித் தடுப்பு) மாதிரி சான்றிதழ்களை எடுத்தால் சம்பளம் நகரும், அதற்கு முன் அந்தக் கட்டணத்தைக் கட்டாதீர்கள்.

இவை தவிர, கற்பிக்க ஆசை இருந்தால் யு.ஜி.சி. நெட் தேர்வில் குற்றவியல் தனிப் பாடமாகவே இருக்கிறது. டிகிரிக்குப் பிறகு மூன்று வருட பி.எல். சேர்த்தால் குற்றவியல் வழக்கறிஞராக நல்ல அடித்தளம். தனியார் துப்பறிவாளர் கோர்ஸ் என்று விளம்பரம் வந்தால் காசைக் கொடுத்து ஏமாறாதீர்கள், இந்தியாவில் துப்பறிவாளருக்கு லைசென்ஸ் தரும் சட்டமே இல்லை. 2005-ல் வந்த சட்டம் செக்யூரிட்டி ஏஜென்சிகளுக்கு மட்டும்தான், 2007-ல் துப்பறிவாளர்களுக்கென்று கொண்டுவந்த மசோதா சட்டமாகவே ஆகவில்லை.

ஃபீஸ் கட்டும் முன்

கல்லூரிக்குப் போகும்போது அட்மிஷன் கவுண்டரில் கேட்காதீர்கள், துறை இருக்கும் மாடிக்கு ஏறிப்போய் இரண்டாம் வருட, மூன்றாம் வருட மாணவர்களிடம் கேளுங்கள். போன வருடம் எந்தச் சிறைக்கோ இல்லத்துக்கோ கூட்டிக்கொண்டு போனார்கள்? பாடம் நடத்துபவர் குற்றவியல் படித்தவரா, வேறு துறையிலிருந்து வந்து வகுப்பெடுப்பவரா? சிலபஸில் புதிய சட்டங்கள் வந்துவிட்டனவா? முடித்துப் போனவர்கள் மூன்று பேர் இப்போது எங்கே இருக்கிறார்கள், அவர்கள் போன் நம்பர் கிடைக்குமா? பல்கலைக்கழகத்துக்கு யு.ஜி.சி. அங்கீகாரம் இருக்கிறதா என்பதை யு.ஜி.சி. தளத்தில் நீங்களே பாருங்கள். டிகிரியின் பெயர் கொஞ்சம் புதுமாதிரி இருந்தால், அது எந்தப் பட்டத்துக்கு இணை என்ற அரசாணையின் நகலைக் கேளுங்கள். குறிப்பிட்ட பட்டம் கேட்கும் பதவிகளுக்குச் சான்றிதழ் சரிபார்ப்பில் டி.என்.பி.எஸ்.சி. கேட்பது அந்த நகலைத்தான், "வாங்கித் தருகிறோம்" என்ற வாய்வார்த்தையை அல்ல.